ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கி ஓட்ட: பெயின்ட் கடைசியில்

என்னிடம் 11 வருடமாக ஒரு நாலு கதவு ஹெரால்டு மார்க் 3 கார் இருக்கிறது. அதில் ஒரு ரவுண்டு வந்து பார்த்துவிட்டு, தெரிந்தவர்கள் ஐந்து பேர் ஆளுக்கொன்று வாங்கினார்கள். இன்றைக்கு ஓட்டுவது இரண்டு பேர்தான். மற்ற மூன்று வண்டிகளும் பளபளவென்று பெயின்ட் அடித்து, மேலே உறை போட்டு, நகராமல் நிற்கின்றன.

அந்த மூன்று பேரும் காசு செலவழிக்காமல் இல்லை. வேலையின் வரிசையைத் தலைகீழாகப் பிடித்தார்கள், அவ்வளவுதான். அதனால் இங்கே எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

1. எந்த ஹெரால்டு, எதற்காக

அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. ஹெரால்டைப் பார்த்தால் பாதிப் பேர் “இது ஃபியட்டா சார்?” என்கிறார்கள். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் செய்த கார், சென்னைக்காரர்களே மறந்துவிட்டார்கள். வாங்கும்போது இது வசதி, போட்டி கிடையாது. விற்கும்போதும் அதே கதைதான். போட்ட பணம் பெருகும் என்று நினைத்து வாங்குகிறவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சந்தையில் நாலு வகை கண்ணில் படும். 1960களின் இரண்டு கதவு வண்டி, 1968 வாக்கில் வந்த நாலு கதவு மார்க் 3, பின்பக்கம் பெட்டி மாதிரி நீண்ட கம்பானியன், 1972 முதல் 1977 வரை வந்த கெசல். எல்லாவற்றுக்கும் அதே 948 சிசி என்ஜின். பெரிய வித்தியாசம் பின் ஆக்சிலில். ஹெரால்டில் சக்கரங்கள் தனித்தனியாக ஊஞ்சலாடும் ஸ்விங் ஆக்சில். கெசலில் வழக்கமான ஒரே தண்டு ஆக்சில். அதனால் கெசலை ஓட்டுவது சுலபம், மெக்கானிக்குக்கும் புரியும்.

அரிது என்று பார்த்தால் கம்பானியன்தான். ஆனால் முதல் முறை வாங்குகிறவருக்கு நான் சொல்வது நாலு கதவு ஹெரால்டு. தேடினால் கிடைக்கிறது, பாகம் எடுக்க இன்னொரு வண்டியும் எங்காவது கிடைக்கும். இரண்டு கதவு வண்டியில் வேறொரு சௌகரியம் உண்டு. அதன் உடம்பு, நம் ஹெரால்டுக்கு மூலமான இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டோடு பெரும்பாலும் ஒத்துப்போவதால் தகடுகளை அங்கிருந்து வரவழைக்கலாம். நாலு கதவு உடம்பு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவுக் கண்ணாடி உடைந்தால் லண்டனில் கேட்டுப் பயனில்லை.

2. பணம் கொடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கூரை போட்ட இடம். மழையில் நிறுத்தி, தார்பாய் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்று தகட்டைத் தின்னும். திறந்த வெயிலைவிட மூடிய ஈரம் மோசம்.

அடுத்து, அங்குல ஸ்பேனர் செட். இந்த வண்டியின் நட்டு போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16. வீட்டில் இருக்கும் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் உட்கார்ந்தது போலவே இருக்கும். இறுக்கமாக இருக்கும் நட்டில் இரண்டு முறை வழுக்கினால் முனை உருண்டுவிடும். நான் வாங்கியபோது என் வண்டியில் உருண்ட நட்டுகள் 40க்கு மேல். அதைவிடக் கொடுமை, அங்குல மரையில் மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிப்பது. யாராவது வண்டியில் கை வைக்கும் முன் உங்கள் ஸ்பேனர் பெட்டியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ட்ரையம்ஃப் ஹெரால்டின் ஒர்க்‌ஷாப் மேனுவல் ஒன்று வேண்டும். என்ஜினுக்கும் முன் சக்கர அமைப்புக்கும் அது அப்படியே பொருந்தும்.

மெக்கானிக்கை வண்டிக்கு முன்பே பிடியுங்கள். ஹெரால்டு வேலை பார்த்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால், மேனுவலைத் திறந்து காட்டினால் முகம் சுளிக்காமல் பார்க்கிற ஆள் போதும். “எல்லாம் எனக்குத் தெரியும் சார்” என்பவரிடம்தான் நான் அதிகம் இழந்திருக்கிறேன்.

3. முதலில் காகிதம், அப்புறம் கார்

வண்டியைப் பார்த்தால் மனசு போய்விடும். அதனால் பார்க்கும் முன்பே ஆர்.சி. புக்கின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். நான் மூன்று விஷயம் பார்ப்பேன்.

ஒன்று, புத்தகத்தில் பெயர் உள்ளவரும் விற்பவரும் ஒரே ஆளா? பழைய கார்களில் பெரும்பாலும் பெயர் இறந்துபோன தாத்தாவுடையதாக இருக்கும். அப்படியானால் வாரிசுகள் படிவம் 31 மூலம் பெயர் மாற்றிய பிறகுதான் உங்களுக்கு விற்பது ஒழுங்கு. “கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் திரும்பி வந்துவிடுங்கள். மூன்று வாரிசில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு நீங்கள்தான் வருடக்கணக்கில் அலைவீர்கள். சாதாரண விற்பனைக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டியென்றால் கூடவே தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28.

இரண்டு, அந்த எண் அரசின் வாகன் தளத்தில் வருகிறதா? எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய நம்பர்கள் பல இன்னும் கணினியில் ஏறவில்லை. அதை ஏற்றுவதை ஆர்.டி.ஓ. ஆபீசில் ‘பேக்லாக் என்ட்ரி’ என்பார்கள். இதை விற்பவர் செலவில், விற்பவர் பெயரிலேயே முடிக்கச் சொல்லுங்கள். அலுவலகத்தில் பழைய பதிவேடு கிடைக்காவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். அது உங்கள் பணம் போகும் முன் தெரிய வேண்டும்.

மூன்று, பதிவு உயிரோடு இருக்கிறதா? சொந்தக் கார் பதிவு முதலில் 15 வருடம், அப்புறம் 5 வருடத்துக்கு ஒரு முறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். எல்லோரும் இதைத்தான் எஃப்.சி. என்கிறோம். விட்டுப்போன வருடங்களுக்குத் தாமதக் கட்டணமும் பசுமை வரியும் சேரும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். பேரம் பேசும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்திருங்கள்.

4. கீழே குனிந்து பாருங்கள்

டார்ச், காந்தம், நுனி மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், பழைய பெட்ஷீட். இவ்வளவுதான் எடுத்துப்போக வேண்டும். காலையில், வெளிச்சத்தில் போங்கள்.

ஹெரால்டில் சேஸிஸ் (அடிச்சட்டம்) தனி, உடம்பு தனி. பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஓடும் தகடு துருப்பிடித்திருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் அது வண்டியின் பாரத்தைத் தாங்குவதில்லை. போல்ட் போட்டு மாட்டியது, கழற்றி மாற்றலாம். பாரம் தாங்குவது அடியில் ஓடும் சேஸிஸும் அதிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டுகிற அவுட்ரிகர்களும்தான். பெட்ஷீட்டை விரித்துப் படுத்து, அந்தக் கைகளையும் பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் உட்காரும் இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். டங் என்று கேட்டால் நல்லது. நசநசவென்று உள்ளே போனால் விலையைப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

புதியவர்கள் இதை அப்படியே மாற்றிச் செய்கிறார்கள். மேலே தெரியும் பக்கத் தகட்டின் துருவைப் பார்த்து நல்ல வண்டியை விட்டுவிட்டு, அடியில் கறுப்பு பெயின்ட் அப்பிய வண்டியை வாங்கிவருவார்கள். அடியில் மட்டும் புதுசாகக் கறுப்பு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகும்.

அப்புறம் பானெட். முன்பக்க மட்கார்டோடு சேர்ந்து முழு மூக்கும் முன்னோக்கித் திறக்கும். மூடிய நிலையில் பானெட்டுக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் விரல் போகிறது, மறு பக்கம் தாள் போகவில்லை என்றால் முன்பக்கம் எங்கோ இடித்து சேஸிஸ் வளைந்திருக்கலாம். கதவு இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் அவுட்ரிகர் இறங்கியிருக்கலாம்.

பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி இருக்கும் இடத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். சக்கர வளைவிலும் டிக்கியின் கீழ் விளிம்பிலும் காந்தம் ஒட்டாமல் நழுவினால் பரவாயில்லை, இந்த வயதில் பட்டி இல்லாத வண்டி ஏது. எவ்வளவு பரப்பில் என்பதுதான் கேள்வி.

5. இல்லாததை எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

என்ஜின் பழுது என்றால் பயப்பட வேண்டாம். 948 சிசி என்ஜினுக்கும் முன் சக்கர அமைப்புக்கும் இங்கிலாந்தில் இன்னும் பாகம் விற்கிறார்கள். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற காரோடு பல பாகங்கள் பொது என்பதால் அங்கே தேவை குறையவில்லை. பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், பிரேக் ரப்பர் எல்லாம் வரும்.

வராதவை சின்னச் சின்ன விஷயங்கள். நாலு கதவுக்கு மட்டுமே உரிய பின்கதவுக் கண்ணாடி, அதன் குரோம் பட்டை, கைப்பிடி, இங்கே மட்டும் வந்த விளக்குச் சட்டம், பெயர்ப்பலகை. இவற்றுக்கு ஒரே வழி இன்னொரு இந்திய ஹெரால்டு. புதுப்பேட்டையில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு கிடைக்கும். நான் ஒரு பெயர்ப்பலகைக்காக 14 மாதம் அலைந்து, கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காயலான் கடையில் எடைக்கு வாங்கினேன். அவர் கேட்டதைவிடக் கூடக் கொடுக்கத் தோன்றியது, கொடுக்கவில்லை.

ஆகவே ஒரு நோட்டில் வண்டியைச் சுற்றி வந்து, இல்லாத ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஓடாத, ஆனால் முழுசாக இருக்கிற வண்டி ஒரு பக்கம். ஓடுகிற, ஆனால் 20 பாகம் குறைந்த வண்டி ஒரு பக்கம் என்றால் முதலாவதை வாங்குங்கள். ‘டிக்கியில் எல்லாப் பாகமும் இருக்கு சார்’ என்றால் அந்த டிக்கியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பாருங்கள்.

6. என்ஜினும் நம்பரும்

என்ஜினிலும் சேஸிஸிலும் உள்ள எண்ணைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ஆர்.டி.ஓ. ஆய்வில் நிற்கும். வேறு கார் என்ஜின் ஏற்றிய ஹெரால்டுகளும் உண்டு. அனுமதி வாங்காமல் மாற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் அது குற்றம். சேகரிப்பு மதிப்பும் அதோடு போச்சு.

வண்டி ஓடும் நிலையில் இருந்தால், நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சூடான என்ஜின் நோயை மறைக்கும். குளிர்ந்த என்ஜினில் முதல் நிமிடம் அடியில் கடகடவென்று கனமான சத்தம் வருகிறதா, ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போது நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சோதனை பலருக்குத் தெரியாது. என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை கிளட்சை அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று, என்ஜினின் பிரதான தண்டான கிராங்க்கின் முன்முனையில் இருக்கும் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அது முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க்கைப் பிடித்து வைக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே உரசித் தின்னும். அரை நிமிட வேலை. ஒரு என்ஜினைக் காப்பாற்றும்.

முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு) கிடையாது. வண்டி நகரும்போது முதல் கியர் போட்டுக் கரகர என்று கத்தினால் கியர்பாக்ஸ் போச்சு என்று நினைக்காதீர்கள். மற்ற மூன்று கியரும் கத்தாமல் விழ வேண்டும்.

7. விலை பேசுவது

சந்தை விலை என்று ஒன்று இந்த வண்டிக்கு உருவாகவே இல்லை. ஒருவர் காயலான் கடை விலைக்குக் கொடுப்பார். இன்னொருவர் எங்கோ ஏலச் செய்தி படித்துவிட்டு வானத்தைக் கேட்பார். நோட்டில் எழுதிய குறைகளை அவர் முன்னாலேயே படியுங்கள், வேறு வாதம் தேவையில்லை. கையில் உள்ள மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். எனக்கு வாங்கிய விலையைப்போல இரண்டரை மடங்கு வேலைக்குப் போனது.

8. வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வாருங்கள், ஓட்டிக்கொண்டு வராதீர்கள்

“நேற்றுகூட மாமல்லபுரம் போய்வந்தேன்” என்று விற்பவர் சத்தியம் செய்தாலும் சரி, லாரியில் ஏற்றுங்கள். பிரேக் ஒற்றைச் சுற்று. ஏதாவது ஒரு சக்கரத்தில் ரப்பர் விட்டால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. வாங்கிய மகிழ்ச்சியில் ஒருவர் திண்டிவனத்திலிருந்து ஓட்டிவந்தார். கடைசி 20 கிலோமீட்டர் கைபிரேக்கில்.

ஏற்றும்போது கயிற்றை பம்பரில் கட்ட விடாதீர்கள். சேஸிஸில் கட்டச் சொல்லி நீங்களே கூட நில்லுங்கள்.

9. முதல் மாதம்: நிற்கக் கற்றுக்கொடுத்துவிட்டு ஓடக் கற்றுக்கொடுங்கள்

வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் கை அரிக்கும். கார்பரேட்டரைக் கழற்றுவோம், சத்தம் கேட்போம் என்று தோன்றும். பொறுங்கள். முதலில் பிரேக். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், நாலு ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எல்லாம் புதுசாக. நல்லதாகத் தெரிகிற பழைய ஹோஸையும் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளே வீங்கி, பிரேக்கைப் பிடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும்.

அடுத்தது ட்ரனியன். ஹெரால்டு வைத்திருப்பவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டிய வார்த்தை இது. முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரை ட்ரனியன் என்னும் பித்தளைக் கட்டைக்குள் சுழலும். அதற்கு விட வேண்டியது 90 கியர் ஆயில். கிரீஸ் கூடாது.

நம்மூர் மெக்கானிக்குகள் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள், அது பழக்கம். கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போகாமல் வாயில் நின்று இறுகிவிடும். உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் திரும்பும்போது தண்டு முறியும்; சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் போகும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது, வீட்டு வாசலில் நடக்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல். கிரீஸ் அடித்திருந்தால் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையைப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் தண்டையே மாற்றுங்கள். இடது வலது மரை வேறு வேறு, ஆர்டர் போடும்போது கவனம். பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், மேலே கசியும் வரை ஆயில் அடியுங்கள். அதற்கென்று தனி கன் வாங்கி, அதன் மேல் ‘ஆயில் மட்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஜாக்கி போடும்போது ஒரு தமாஷ். பின்பக்கம் தூக்கினால் சக்கரங்கள் கால் மடக்கிய மாதிரி உள்ளே போகும். இறக்கியதும் வண்டி பின்னால் எம்பியே நிற்கும். உடைந்துவிட்டது என்று என்னை ராத்திரி பத்து மணிக்கு அழைத்தவர் உண்டு. பத்தடி உருட்டினால் தானாக உட்கார்ந்துவிடும். அடியில் படுக்கும்போது மட்டும் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

டயர் 13 அங்குலம், பழைய கணக்கில் 5.20. இன்றைக்கு 145 ஆர் 13 பொருந்தும். பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வயது டயர் டயர் அல்ல.

10. பெட்ரோலும் கரென்ட்டும்

இப்போது நாடு முழுக்க எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் இரண்டையும் அது இளக்கும்; நிறுத்தி வைத்தால் ஈரத்தை இழுத்து டேங்க்கைத் துருவாக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், பம்புக்குப் புது டயஃப்ரம் போடுங்கள், டேங்க்கைக் கழற்றிக் கழுவுங்கள், கார்பரேட்டருக்கு முன் ஒரு ஃபில்டர் வையுங்கள். இந்த வேலை முடியாமல் கார்பரேட்டர் டியூனிங் செய்வது வீண். துரு மறுபடி வந்து ஜெட்டை அடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

பேட்டரி மாட்டும் முன் எந்த முனை உடம்போடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் வழக்கம். பின்னால் மாற்றியவர்களும் உண்டு. இன்றைய பழக்கத்தில் கறுப்பு ஒயரை பாடியில் மாட்டி ரேடியோவைச் சுட்டவர் யார் என்று கேட்காதீர்கள்.

டியூனிங் சாதாரணம்: பாயிண்ட் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), பிளக் 25 தௌ, வால்வு குளிர்ந்த நிலையில் 10 தௌ, சிலிண்டர்கள் எரியும் வரிசை (ஃபயரிங்) 1-3-4-2. பானெட்டைத் திறந்து முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே இவ்வளவும் செய்யலாம். இந்த வசதி வேறு எந்தக் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. காற்றில் பானெட் மேலே விழாமல் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

11. சித்திரை வெயில்

‘ஹெரால்டு சூடாகும்’ என்பார்கள். அடைத்த ரேடியேட்டரும், தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்ததும்தான் என் வண்டியில் காரணம். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளாக்கில் உள்ள சேற்றையும் தண்ணீர் விட்டு வெளியேற்றி, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றினேன். மே மாதம் ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்கிற டிராஃபிக்கில்கூடக் கொதிக்கவில்லை. ஒரு வெப்பமானி மட்டும் டாஷ்போர்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டேன். ஆயில் சாதாரண 20டபிள்யூ-50 போதும், விலை உயர்ந்த சிந்தெடிக் எல்லாம் பழைய சீல் வழியாகத் தரைக்குத்தான் போகும்.

12. ஓட்டும் விதம்

ஸ்விங் ஆக்சிலுக்கு ஒரு விதி: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியபடி போக வேண்டும். வளைவின் நடுவில் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் எம்பி, வெளிச் சக்கரம் உள்ளே மடங்கும், வால் வழுக்கும். முதல் மாதம் 50 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். பழகின பிறகு 60, 70இல் ஈ.சி.ஆரில் போவது சுகம். அதற்கு மேல் வண்டியும் விரும்பாது, பிரேக்கும் விரும்பாது.

சுகம் எங்கே என்றால் ஸ்டியரிங்கில். சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடிக்கும். மயிலாப்பூர் மாடவீதி மாதிரி இடத்தில் ஆட்டோக்காரர் இரண்டு முறை ரிவர்ஸ் எடுக்கும்போது நீங்கள் ஒரே திருப்பில் வந்துவிடலாம். சின்ன என்ஜின், மெல்லிய ஸ்டியரிங் சக்கரம், நாலு பக்கமும் கண்ணாடி. ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தாம்பரத்திலிருந்து ஒரு காபிக்காக 30 கிலோமீட்டர் போய்வருவேன். பெட்ரோல் பங்க்கில் யாராவது பெரியவர் வந்து பானெட்டைத் தடவி, “எங்க ஊர் டாக்டர் இதுலதான் வருவார்” என்பார். பத்து நிமிடம் அதற்கும் ஒதுக்கி வையுங்கள்.

13. இப்போது பெயின்ட்

குறைந்தது ஆறு மாதம், 1,000 கிலோமீட்டர் ஓட்டின பிறகு. காரணம் எளிது. இந்த ஆறு மாதத்தில் பானெட்டை நூறு முறை திறந்திருப்பீர்கள், பிரேக் ஆயில் எங்காவது சிந்தியிருக்கும் (பெயின்டை அது உரித்துவிடும்), கதவை இரண்டு முறை கழற்றியிருப்பீர்கள். நான் முதலில் சொன்ன அந்த மூன்று பேரும் பெயின்டில் பணத்தை முடித்தார்கள். பிறகு கீறல் விழும் என்று மெக்கானிக்கைக் கிட்டே விடவில்லை.

டிங்கரிங் செய்பவரிடம் கொடுக்கும்போது குரோம், கைப்பிடி, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் நீங்களே கழற்றி வீட்டில் வையுங்கள். பட்டறையில் தொலைந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. கதவையும் பானெட்டையும் சேஸிஸில் மாட்டி இடைவெளி சரிபார்த்த பிறகே பட்டி போடச் சொல்லுங்கள். தனித்தனியாகப் பூசி முடித்துவிட்டு மாட்டினால் ஒன்றுக்கொன்று சேராது. நிறத்துக்கு டாஷ்போர்டின் பின்னாலோ டிக்கியின் உள்ளேயோ சுரண்டிப் பாருங்கள், அசல் நிறம் அங்கே இருக்கும். இரட்டை வண்ணம் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் வண்டி அப்படி வந்திருந்தால் மட்டும் செய்யுங்கள்.

14. விண்டேஜ் நம்பர் வாங்கலாமா

2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸ், உடம்பு, என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத சொந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். படிவம் 20 கொடுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் எண்ணில் ‘வி.ஏ.’ என்று வரும். 10 வருடம் செல்லும், அடுத்த முறை 5,000. ஹெரால்டுகள் எல்லாமே இந்த வயதைத் தாண்டிவிட்டன. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் 2022 அறிவிப்பு விண்டேஜ் காருக்குப் பாதித் தள்ளுபடி தருகிறது. 1,000 சிசிக்குள் உள்ள சாதாரணக் காருக்கு அந்த அறிவிப்பில் 2,094 ரூபாய்தான் என்பதால், மிச்சமாவது ஒன்றும் பெரிய தொகை இல்லை.

ஆனால் விண்டேஜ் பதிவு வண்டியைத் தினப்படி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இதற்குத்தான் சாலையில் இறங்கலாம். என் ஞாயிற்றுக்கிழமை காபி இந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நான் சாதாரணப் பதிவையே 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறேன். பேரணிக்கு மட்டும் எடுக்கிறவர், அல்லது இரண்டு கதவு வண்டியையோ கம்பானியனையோ அசலாகக் காப்பாற்றுகிறவர் ‘வி.ஏ.’ யோசிக்கலாம்.

எந்தப் பதிவானாலும் ஒரு தகரப் பெட்டியும் ஒரு ஃபைலும் வையுங்கள். கழற்றிய ஒவ்வொரு அசல் பாகமும், உடைந்ததாயினும், சீட்டு ஒட்டிப் பெட்டிக்குள். ஒவ்வொரு பில்லும், பழைய வரி ரசீதும், முதல் உரிமையாளர் வைத்திருந்த சர்வீஸ் புத்தகமும் ஃபைலுக்குள். என் பெட்டியில் இப்போது 60 பாகம் இருக்கிறது. போன மாதம் சேலத்திலிருந்து ஒருவர் பின்கதவுக் கைப்பிடி கேட்டு வந்தார். விரிசல் விட்ட ஒன்று இருந்தது, அதை அச்சாக வைத்து வார்த்துக்கொள்கிறேன் என்று எடுத்துப்போயிருக்கிறார்.